ஜெயக்கொடி நிலத்து மணல்

செஞ்சி வட்டத்தில் மணலை முழுமையாக வென்ற மனிதன் ஒருவன்தான் இருக்கிறான். அவன் பெயர் குரு. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவனும் குருதான். ராஜகிரிக் கோட்டையை மராட்டியர் பிடித்தார்கள், மொகலாயர் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், இங்கிலீஷ்காரர் பிடித்தார்கள். இப்போதைக்குக் குரங்குகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஆனால் குரு ஜல்லடை சுற்றி ஆழ்துளைப் போருக்குள் இறக்கிய மோட்டாரில் இன்றுவரை ஒரு குருணை மணல் நுழைந்ததில்லை. தன் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடமும், டீ கொண்டுவருகிறவரிடமும், மேல்மலையனூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிறவர்களிடமும் இதை அவன் சிரிக்காமல் சொல்லுவான்.

அதனால் அனந்தபுரம் போகிற வழியில் ஜெயக்கொடியின் நிலத்தில், தண்ணீர் விழும் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தபோது அவனுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். செஞ்சியைச் சுற்றி எங்கே துளை போட்டாலும் கொஞ்ச ஆழத்தில் பாறை. பாறையைக் குடைந்தால் சாம்பல் நிறத்தில் தூள் வரும், சில்லு வரும். இது ஆற்று மணல். யாரோ உட்கார்ந்து சலித்த மாதிரி ஒரே அளவு. முனையெல்லாம் தேய்ந்து உருண்டையாக இருந்தது. பக்கத்தில் ஆறு கிடையாது. வாய்க்கால்கூடக் கிடையாது. மோந்து பார்த்தான். மண் வாசனை இல்லை. யாரோ ரொம்ப நாள் தலை வைத்துப் படுத்த தலையணையின் வாசனை.

"இன்னா தம்பி, மோந்து மோந்து பாக்கற? பிரியாணியா அது?" என்றாள் ஜெயக்கொடி. அவனைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் திருப்பூரில். நெல் பால் பிடிக்கிற நேரத்தில் போர் மணலைத் துப்ப ஆரம்பித்ததில், அவள் முகத்தில் தூக்கமே இல்லை.

முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, குருவும் கூட்டாளி அன்வர் பாஷாவும் பைப்பைப் பைப்பாக மோட்டாரை மேலே இழுத்தார்கள். மோட்டார் வெளியே வந்ததும் ஜெயக்கொடி ஒரு காரியம் செய்தாள். தொட்டியில் தங்கியிருந்த மணலை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, போர் வாயில் குனிந்து, சிந்தாமல் உள்ளே விட்டாள். கேசிங் பைப்பின் விளிம்பில் ஒட்டியிருந்ததையும் விரலால் ஒற்றி உள்ளே தட்டினாள்.

குரு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான். "யக்கா, வெறும் மணல எப்பிடி சாப்புடும்? தொட்டுக்க ஊறுகா வெக்கட்டுமா?"

"ஒரு மொடக்கு தண்ணியும் குடுங்க யக்கா, விக்கிக்கப் போவுது," என்றான் பாஷா.

"சிரிங்க. எங்க மாமியா செய்யும், நானும் செய்யறேன். மேல வந்தது எங்கியும் போவக் கூடாதுன்னு சொல்லும். இன்னாத்துக்குன்னு அதுக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது."

"நான் வந்ததே மணல நிறுத்தறதுக்குத்தான். நீ ஒரு பக்கம் ஊட்டி வுட்டுக்கினு இருந்தா நான் எங்க போயி முட்டிக்கறது?"

"எங்கியோ போயி முட்டிக்க. மீதி மணலையும் உள்ள கொட்டிட்டு மோட்டார எறக்கு," என்று சொல்லிவிட்டு அவள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனாள்.

குரு கொட்டவில்லை. நைலான் வலையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, கேசிங்கைச் சுற்றிச் சிறு ஜல்லி இறக்கி, மோட்டாரை உள்ளே விட்டு ஓட்டினான். கண்ணாடி மாதிரித் தண்ணீர் கொட்டியது. மணலை மூட்டைகளில் அள்ளி, பாஷாவின் சின்ன யானைச் சரக்கு வண்டியில் ஏற்றினான். ஊரே பாறையை உடைத்த எம்-சாண்டில் பூசிக்கொண்டிருக்கிற காலத்தில் நல்ல ஆற்று மணலைக் குழியில் கொட்ட அவனுக்கு என்ன பைத்தியமா?

"டேய், அந்தக்கா உள்ள போடச் சொல்லிச்சே?" என்றான் பாஷா.

"ஜல்லடையக் கட்டிட்டு மணல உள்ள போடறவன் மெக்கானிக் இல்ல பாய். சமையல்காரன்."

வீட்டில் அவன் மனைவி ரஞ்சனி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செங்கல் தெரிகிற அறையில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்ப்பார்கள், அப்புறம் அவளைப் பார்ப்பார்கள். அந்த வாரமே பூசியாயிற்று. கொத்தனார் மணலை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "எங்க தம்பி புடிச்ச? சலிக்கவே வேணாம்," என்றார். வேலை முடிந்ததும் ரஞ்சனி சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். "ஜில்லுனு இருக்குதுங்க," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைக் குரு பார்த்ததில்லை. தான் செய்த காரியங்களிலேயே இதுதான் பெரியது என்று நினைத்துக்கொண்டான்.

சுவர் காயவில்லை.

வெளியே வைகாசி வெயில் கோட்டைப் பாறைகளைச் சுட்டு, அந்தச் சூட்டைப் பாறைகள் ஊருக்குள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் முறுகியது. நாய்கள் பெட்டிக்கடை நிழலுக்குச் சண்டை போட்டன. அறைக்குள் மட்டும் சுவர் வேர்த்தது. மேலிருந்து கீழாக ஈரம் வழிந்து, தரையைத் தொடும் முன்பே காணாமல் போனது. கதவைத் திறந்தால் தலையணை வாசனை. "சிமெண்டு மெதுவா எறுகினாதான் கெட்டி," என்றான் குரு. சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னான்.

"செவுத்துல மோட்டார் ஓடுதுங்க," என்றாள் ரஞ்சனி ஒரு மத்தியானம்.

அவன் சிரித்துக்கொண்டே காதை வைத்தான். சத்தத்தை வைத்தே எந்த மோட்டாருக்கு என்ன கோளாறு என்று சொல்லுகிறவன். ரொம்பத் தூரத்தில், சுவரின் கனத்தைவிட எத்தனையோ மடங்கு ஆழத்தில், ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடுகிற ஓட்டம். இழுத்து, இழுத்து, கிடைக்காமல் மறுபடியும் இழுக்கிற சத்தம். அப்புறம் அது நின்றது. விழுங்கியது. மறுபடி இழுத்தது.

மோட்டார் விழுங்காது.

"பக்கத்து வூட்டு கிரைண்டரு," என்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அமாவாசை வேண்டுதலுக்காக மேல்மலையனூர் அம்மன் கோயிலில் போய்த் தங்கியதில் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு பேருக்கும் தெரியும். காதுக்குள் ஏதோ நறநறத்தது. சுண்டுவிரலால் துழாவி எடுத்தான். மணல்.

அதற்கப்புறம் ரஞ்சனிக்குத் தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தாள். குடத்தைச் சாய்த்துக் குடித்தாள். உதடு மட்டும் வெடித்துக்கொண்டே இருந்தது. சீப்பில் மணல், ஊசித் துளையில் மணல், சோற்றில் மணல். "அரிசியக் களையலியா?" என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்து அடுத்த வாயை முழுதாக விழுங்கினான். ஆஸ்பத்திரியில், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வீடு திரும்புகிற ஆட்டோவில் அவள் அழுதாள். கண்ணிலிருந்து சொட்டியது தண்ணீர் இல்லை. முந்தானையில் விழுந்து உருண்டது.

"அம்மா வூட்டுக்குப் போயிடலாம், வா."

"அந்த ரூம வுட்டா மூச்சு முட்டுதுங்க," என்றாள். "அதுங்கிட்ட இருந்தா தேவல."

அவன் ஆட்டோவை வீட்டுக்கே விடச் சொன்னான்.

மறுநாள் ஜெயக்கொடி போன் செய்தாள். "தம்பி, போர்ல சொட்டுத் தண்ணி இல்ல. வேற ஆள வெச்சி மோட்டாரக் கழட்டிட்டேன். பயிரு பூராப் பதரு. நெசத்தச் சொல்லு, அந்த மணல உள்ள கொட்டுனியா?"

"கொட்டிட்டேன் யக்கா."

"செரி. நாளைக்கு அமாவாசை. மலையனூருக்குப் போயி அந்த ஆத்தாளையே கேக்கறேன்," என்று வைத்துவிட்டாள். வேறு மெக்கானிக்கா என்று கோபப்பட வேண்டிய இடம் அது. அவனுக்குக் கோபம் வரவில்லை. நாக்கில் நறநறப்புத்தான் இருந்தது.

அமாவாசையன்று காலையிலேயே கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். ரஞ்சனி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. சுவரின் சத்தமும் அவள் மூச்சும் ஒரே இழுப்பில் போய்க்கொண்டிருந்தன. தூக்கப் பார்த்தான். முடியவில்லை. சைக்கிளில் முன்பாரில் உட்கார வைத்துக் கோட்டை வரைக்கும் மிதித்திருக்கிறான் அவளை. இப்போது தோளைப் பிடித்து இழுத்தால் தோள் மட்டும் கைக்குள் நெகிழ்ந்து வடிவம் மாறியது. மூட்டை. நனைந்த மூட்டை.

"பாய்," என்றான் போனில். "வண்டி எடுத்துக்கினு வா பாய். பாய், சீக்கிரம்."

கடப்பாரையால் சுவரில் ஒரு குத்துத்தான். பூச்சு உடையவில்லை, கொட்டியது. சிமெண்ட் எங்கே போனது என்று தெரியவில்லை. கலக்காத மணலாகவே, மேலிருந்து கீழ்வரை, பெருமூச்சு விடுகிற மாதிரி இறங்கியது. வண்டியோடு வந்த பாஷா அதை மூட்டைகளில் அள்ளிப்போட்டான். ஆண்டவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அள்ளினான். கடைசியில் இருவருமாக ஒரு ஜமுக்காளத்தில் ரஞ்சனியை இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

அனந்தபுரம் ரோட்டில் ஆளே இல்லை. ஊர் மொத்தமும் ஸ்பெஷல் பஸ் ஏறி மலையனூருக்குப் போயிருந்தது. ஜெயக்கொடியின் வீடு பூட்டியிருந்தது. நெற்பயிர் வைக்கோல் நிறத்தில் நின்றது. காற்றில்லை, ஆனாலும் தாள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. போர் வாயின் மேல் ஒரு கோணிப்பையும் கல்லும். குரு கல்லைத் தள்ளினான். குழிக்குள்ளிருந்து வாசனை வந்தது. கொஞ்சம் தேங்காயெண்ணெய். கொஞ்சம் வியர்வை. ரஞ்சனியின் தலையணை.

பாஷா பின்னால் நகர்ந்தான். "நான் வண்டிகிட்ட நிக்கறேன்டா. என்னால இங்க முடியாது. மன்னிச்சுக்கடா."

குரு கொட்டினான். ஒரு மூட்டை. இன்னொன்று. குழியில் எது போட்டாலும் கீழே போய்ச் சேருகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இது போய்ச் சேரவில்லை. போய்க்கொண்டே இருந்தது. எல்லா மூட்டையும் காலியாயிற்று. கோணியை உதறினான். செருப்பை உதறினான். சட்டைப் பையைப் புரட்டித் தட்டினான்.

"முடிஞ்சிடுச்சி," என்றான் குழியிடம். "எல்லாம் குடுத்துட்டேன். அவ்ளோதான். சத்தியமா அவ்ளோதான்."

குழி இழுத்தது.

பின்னால் தரையில் ஏதோ உராய்கிற சத்தம். ரஞ்சனி. முழங்கையை ஊன்றி வந்துகொண்டிருந்தாள். கண் அவன்மேல்தான் இருந்தது. அந்தக் கண்ணில் கோபமில்லை. சுவரில் கன்னத்தை வைத்தபோது இருந்த அதே அமைதி. அவனைத் தாண்டினாள். குனிந்து கேசிங் பைப்பின் விளிம்பில் வாயை வைத்தாள்.

"ரஞ்சி, வேணாம்."

வாயிலிருந்து மணல் கொட்ட ஆரம்பித்தது. சீராக. பைப்பிலிருந்து விழுகிற மாதிரி.

தோளைப் பிடித்து இழுத்தான். அவள் தொண்டை அடைத்துக்கொண்டது. முகம் கறுத்தது, விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிறாண்டின. விட்டான். மூச்சு வந்தது. கொட்டியது. மறுபடி இழுத்தான். மறுபடி அடைத்தது. விட்டான்.

இழுத்தால் செத்துப்போவாள். விட்டால்?

தலைமுடி உள்ளே விழாமல் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அதுமட்டும்தான் செய்ய முடிந்தது. வெயில் நேர் உச்சியில் நின்றது. நிழலே இல்லை. அவன் கைக்குள் அவள் கனம் குறைந்தது. நல்லதுதானே. கனம் குறைந்தால் நல்லதுதானே. இப்போது தூக்கிவிடலாம். இன்னும் குறைந்தது. ஒரு கையால் தூக்கிவிடலாம். பிடித்திருந்த முடி கொத்தாகக் கையோடு வந்தது. நைட்டியின் முதுகு தளர்ந்தது. தோளிருந்த இடத்தில் துணி மடிந்தது.

"டேய் குரு," என்றான் பாஷா வண்டியிலிருந்து. "இன்னாடா ஆச்சு? டேய்."

கீழே, ரொம்ப ஆழத்தில், தண்ணீர் ஊறுகிற சத்தம் கேட்டது.

விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் மணல் வெளியே சிந்தியிருந்தது. குரு மண்டியிட்டு, அதை இரண்டு உள்ளங்கையிலும் ஒன்றுகூட விடாமல் ஏந்தினான். உடம்புச் சூடாக இருந்தது. குனிந்து மெதுவாக உள்ளே விட்டான். விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் ஒற்றித் தட்டினான். பக்கத்தில் கிடந்த நைட்டியை எடுத்து, மடிப்பு மடிப்பாக, குழிக்கு மேலே உதற ஆரம்பித்தான்.