நகலைப் படித்தவர்

2003ஆம் ஆண்டு நவம்பர் பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பிடித்த மழை பிற்பகலாகியும் விடவில்லை. இடியும் இல்லை, காற்றும் இல்லை, கூலிக்கு வந்த ஆள் வேலை பார்ப்பதுபோல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

இரத்தப் பரிசோதனை நிலையத்தின் எழுத்தர் கணினித் திரையை மூன்றாம் முறையாக உற்றுப் பார்த்தாள். அவுட்பாக்ஸில் ஒரே ஒரு மடல்தான் இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவளும் அவளே, அனுப்பும் பொத்தானை அழுத்தியவளும் அவளே. ஆயினும் திரையின் அடியில் ஓடிய பட்டை, 'இரண்டு மடல்களில் முதலாவது அனுப்பப்படுகிறது' என்றது. பாதித் தூரம் ஓடி நின்றது. பிறகு சிவப்புக் குறியுடன் ஒரு பிழைச் செய்தி: அனுப்ப இயலவில்லை.

இரண்டா? இன்னொன்று எது?

ஆற்றுக்கு அப்பால், மருத்துவமனையில், அவளுடைய தங்கை அறுவை அறையின் வாசலில் கிடத்தப்பட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருந்த அறுவையை, நிலைமை மோசமானதால், இன்று மாலை நான்கு மணிக்கே வைத்துவிட்டார்கள். ஏற்ற வேண்டிய இரத்தம் நேற்றே அங்கு சென்றுவிட்டது. அது தங்கைக்குப் பொருந்தும் என்ற அறிக்கை மட்டும் இங்கே நின்றுவிட்டது. அதில் கையொப்பமிட்ட மருத்துவர் நேற்று மாலை அக்கரைக்குப் போனார். இரவில் பாலம் மூழ்கியது.

கைப்பேசி ஒலித்தது. தங்கையின் கணவர்.

"அக்கா, அனுப்பிட்டீங்களா? டாக்டர் கையைக் கழுவிட்டு நிக்கிறாரு."

"போக மாட்டேங்குதுப்பா. பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"போன்ல சொன்னா போதாதான்னு கேட்டேன். எழுத்துல வராம ஒரு சொட்டு ஏத்த மாட்டேன்ட்டாரு. ஃபேக்ஸ் மெஷின் கீழ்த்தளத்துல நீச்சல் அடிக்குது." சிரிக்க முயன்ற அவர் குரல் நடுவில் உடைந்தது.

அவள் உடனே கணினி பழுதுபார்ப்பவரை அழைத்தாள். ஊரே அவரை 'ஒயர்' என்றுதான் கூப்பிடும்.

"ஒயர் அண்ணே, மெயில் வருது. வெளியதான் போக மாட்டேங்குது."

"வந்தவங்க போக மாட்டேங்கிறாங்களா? எங்க வீட்டுலயும் அதே கதைதாம்மா. சரி, பாஸ்வேர்டை மறுபடி அடி."

அடித்தாள். அவர் சொல்லச் சொல்ல, வெளிச்செல்லும் சேவையகத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள், எண்ணைத் திருத்தினாள், அனுப்பும்போதும் கடவுச்சொல் தேவை என்ற கட்டத்தில் குறியிட்டாள். ஒவ்வொரு முறையும் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. மோடம் கரகரத்துக் கீச்சிட்டு ஓய்ந்ததும், கிருமிநாசினியின் வாடையும் ஈரச்சுவரின் வாடையும் கலந்த அந்த நீண்ட அறையில், குளிர்ப்பெட்டியின் முனகலும், சன்னல் விளிம்பில் சொட்டும் நீரும், அவற்றுக்கு அடியில், வேறெங்கோ யாரோ தாளைப் புரட்டுவதுபோன்ற ஒரு மெல்லிய உரசலும் கேட்டன. அவள் திரும்பிப் பார்த்தாள். தாள்கள் அடுக்கிய இடத்தில் அடுக்கியபடியே இருந்தன.

மணி மூன்று ஐந்து. பட்டை பாதியில் நின்றது.

"ரெண்டுல ஒன்னுன்னா காட்டுது?" ஒயரின் குரலில் முதன்முறையாக விளையாட்டு குறைந்தது. "முதல்லயே சொல்லக் கூடாதா? உள்ள ஒன்னு ஒளிஞ்சிருக்கும்மா. 'படிச்சாச்சு'ன்னு தானாப் போற ரசீது. பெட்டியில கண்ணுக்குத் தெரியாது, ஆனா முன்னாடி நின்னு வழிய மறிச்சுக்கும். நீ எல்லாருகிட்டயும் ரசீது கேட்பியா?"

"கேட்காம எப்படிண்ணே?"

உண்மைதான். கையெழுத்து வாங்காமல் ஒரு சீட்டைக்கூட நீட்டாதவள் அவள். ஒவ்வோர் அறிக்கைக்கும், படித்தவுடன் ரசீது வரவேண்டும் என்று குறியிடுவாள். ஒவ்வோர் அறிக்கையின் நகலையும் நிலையத்தின் சொந்த முகவரிக்கே அனுப்பிக்கொள்வாள். நகல்கள் தாமாகவே ஒரு கோப்புறைக்கும், ரசீதுகள் இன்னொன்றுக்கும் சென்று சேரும்படி அமைத்திருந்தாள். இரண்டையும் அவள் திறந்து பார்த்ததே இல்லை. வேறு யாரும் அந்தக் கணினியைத் தொட்டதும் இல்லை.

"புரோகிராமை மூடிட்டு, அவுட்பாக்ஸ் ஃபைலை நோட்பேடுல திற. என்ன இருக்குன்னு படி."

குப்பைபோல் இறைந்து கிடந்த குறிகளுக்கு நடுவே, தெளிவாக, மூன்று வரிகள். ரொட்டிக் கடைக்காரரின் சர்க்கரை அளவு அறிக்கை, நகல். இக்கணினியில் திறந்து படிக்கப்பட்டது. 16-11-2003, பிற்பகல் 1.10.

"ஒரு மணிக்கே வந்துட்டியா?"

"ரெண்டு மணிக்குத்தாண்ணே பூட்டைத் திறந்தேன்."

"அப்ப டாக்டரு."

"அவரு அக்கரையில இருக்காரு."

"மெஷினோட கடிகாரம் கிறுக்குப் பிடிச்சு ஓடுதோ என்னவோ."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இரண்டு மணிக்குக் கணினியை இயக்கக் கை வைத்தபோது, நேற்று அவளே அணைத்துவிட்டுப் போன அந்தப் பெட்டி இளஞ்சூடாக இருந்தது. மழைக்கு இதமாக இருந்ததால் ஏன் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. வரும் வழியில் ரொட்டிக் கடையின் கதவு பாதி இறங்கியிருந்தது. வாசலில் குடைகள். அடுப்பிலிருந்து தட்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லையாம். ஒரு மணி சுமாருக்கு என்று யாரோ சொன்னார்கள். அறிக்கையில் சர்க்கரை அளவு சரியாகத்தான் இருந்தது.

"அண்ணே, லைன்லயே இருங்க."

மடல் நிரலைத் திறந்து, ரசீதுகளின் கோப்புறைக்குள் சென்றாள். மருத்துவமனையிலிருந்து வந்தவை நூற்றுக்கணக்கில். அவற்றுக்கிடையில், நிலையத்தின் சொந்த முகவரியிலிருந்து ஆறு. ஒவ்வொன்றும் நிலையம் பூட்டிக் கிடந்த நேரத்தைக் குறித்தது. தையற்காரர். பள்ளி வேன் ஓட்டுநர். இரட்டைக் குழந்தைகளின் தாய். மற்ற மூவரையும் அவளுக்குத் தெரியும். ஆறு பேருடைய பெயர்களையும், இறந்துவிட்டார்கள் என்று பதிவேட்டில் சிவப்பு மையால் தேதியிட்டு அடித்தது அவள் கைதான். ஆறு அறிக்கைகளிலும் குறை ஒன்றும் இருந்ததில்லை. தேதிகளை ஒப்பிட்டாள். ரசீதின் தேதியும் சிவப்பு மையின் தேதியும் ஒன்றே.

"என்னம்மா சத்தத்தையே காணோம்?"

"அண்ணே... இங்க யாரோ உட்கார்ந்து படிக்கிறாங்க."

"யாராவது படிச்சுட்டுப் போகட்டும்! உன் தங்கச்சி அங்க கிடக்குறா. புரோகிராமை மூடு, அந்த ஃபைலுக்கு வேற பேரு வை, மறுபடி திற. புதுப் பெட்டி தானா வந்துடும்."

தங்கை என்ற சொல் அவளை அசைத்தது. பெயரை மாற்றினாள். திறந்தாள். வரைவில் சேமித்திருந்த அறிக்கையை எடுத்து அப்படியே அனுப்பினாள். மோடம் கீச்சிட்டது. 'ஒரு மடலில் முதலாவது.' பட்டை பாதியைக் கடந்தது. முக்கால். முழுதும்.

"போயிடுச்சுண்ணே!"

"அப்பாடா! இடுப்புல துண்டோட ஒரு மணி நேரமா நிக்கிறேன். குளிக்க விடு தாயி." அவர் சிரித்துக்கொண்டே வைத்தார்.

இரண்டு நிமிடத்தில் தங்கையின் கணவர் அழைத்தார். "வந்துடுச்சு அக்கா! உள்ள கூட்டிட்டுப் போறாங்க. உங்க பேரைச் சொல்லிச் சிரிச்சிட்டே போனா."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மணி மூன்று நாற்பத்தேழு. மழைச் சத்தம்கூட நல்ல சத்தமாகத் தோன்றியது. நாற்காலியில் சாய்ந்தாள்.

பிறகுதான் திரையின் இடப்புறம் கண்ணில் பட்டது. நகல்களின் கோப்புறை. அதன் அருகில், அடைப்புக்குறிக்குள், படிக்காதவற்றின் எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது.

வரைவில் நகல் முகவரி ஏற்கெனவே இருந்தது. அதை அவள் அழிக்கவில்லை.

கோப்புறையைத் திறந்தாள். மேலே தங்கையின் பெயர். தடித்த எழுத்தில். இன்னும் யாரும் படிக்கவில்லை.

அழித்துவிட வேண்டும். உடனே. படிக்கும் முன்.

மவுஸைப் பிடித்தாள். வரியைத் தேர்ந்தாள். அழிக்கும் விசையை அழுத்தினாள். மீண்டும் அழுத்தினாள். வரி அசையவில்லை.

தடித்த எழுத்து மெலிந்தது.

அவள் திறக்கவில்லை. மடல் திறந்தது.

டிக்.

அவள் ஆள்காட்டி விரலின் கீழ் மவுஸின் சிறு சக்கரம் ஒரு பல் உருண்டது. அவள் உருட்டவில்லை. பக்கம் ஒரு வரி மேலே ஏறியது. டிக். இன்னொரு வரி. அவசரமே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பவருடைய நிதானம். நோயாளியின் பெயர் வந்ததும் சக்கரம் நின்றது. அந்த வரியின்மேல் நீலம் படிந்தது.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

"வேண்டாம்," என்றாள். அறையில் யாரும் இல்லை. "அவளை விட்டுடு. உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். சின்னப் பொண்ணு. அவளை விட்டுடு."

குளிர்ப்பெட்டி முனகுவதை நிறுத்தியது. யாரோ யோசிப்பதுபோல் அமைதி.

டிக்.

நீலம் தங்கையின் பெயரைவிட்டு அகன்றது. பக்கம் ஏறியது. வயது. இரத்த வகை. பொருத்தம். டிக். டிக். கடைசி வரி. மூன்று நாளுக்கு முன், சட்டையின் கையை மடித்து நீட்டிவிட்டு வந்து, அவளே தட்டச்சு செய்த வரி.

இரத்தம் அளித்தவர்: நோயாளியின் அக்கா.

நீலம் அங்கே படிந்தது. அகலவில்லை.

திரையின் அடியில் பட்டை ஓடத் தொடங்கியது. 'ஒரு மடலில் முதலாவது அனுப்பப்படுகிறது.' இடக்கையால் மோடத்தின் கம்பியைப் பிடித்து இழுத்தாள். கம்பி கையோடு வந்தது. பட்டை நிற்கவில்லை. பாதி. முக்கால்.

சக்கரத்தின்மேல் இருந்த அவள் விரலின்மீது இன்னொரு விரலின் கனம் இறங்கியது. ஈரமான கனம். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் நாவில் தொட்ட விரலின் ஈரம்.

பட்டை நிறைந்தது.

மணி மூன்று ஐம்பத்தொன்று.