சுலைஹா போன இடம்

"இன்னிக்கிச் செவ்வாக்கெழம… மறுபடியும் கெளம்பிட்டியா?"

சோற்றைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டிருந்த சுலைஹாவின் கை நின்றது. கேட்டது கணவனின் அக்கா ஹபீபா பீவி. கணவன் சாதிக் காப்பியைத் தொடாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு சோலி இருக்கு மதினி…"

"என்னா சோலி? பாசாருக்கு மீன் வாங்கன்னு சொல்லாத! போன வாரம் சுங்கை பினாங் ஃபிளாட்ல நீ லிஃப்ட் ஏறுனத என் கண்ணால பாத்தேன்லா! அங்க ஒனக்கு யாரு இருக்கா?"

சுலைஹா தூக்குச்சட்டியை மூடி எடுத்துக்கொண்டாள். மூன்று மாதமாக இப்படித்தான். அவள் குளிக்கும்போது சாதிக் அவளுடைய கைபேசியைத் திறந்து பார்க்கிறான். கேட்டதையே மறுபடி கேட்டு, பதில் மாறுகிறதா என்று கவனிக்கிறான். பதினேழு வருடம் கூட வாழ்ந்தவன்! சொல்லிவிடலாம். ஆனால் சத்தியம் செய்து கொடுத்துவிட்டாளே…

ஒன்பதாவது மாடியில் மீரா சாகிப் அவளுக்காகக் காத்திருந்தார். சாதிக்கின் அண்ணன். இருபது வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். நீரிழிவில் பார்வை போய், கோலாலம்பூரிலிருந்து தனியாளாகத் திரும்பியவரை மருத்துவமனையில் தற்செயலாகக் கண்டாள் சுலைஹா; பழைய குடும்பப் படத்தில் பார்த்திருந்த முகம். "தம்பிக்குத் தெரிஞ்சா ஒன்ன வரவிடமாட்டான். சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணும்மா" என்று அழுதார்.

சாப்பிட்டதும் அவர் கேட்டது வழக்கம்போல யூசுப் நபியின் கதைதான். குர்ஆன் தமிழாக்கத்தை எடுத்து வாசித்தாள். தந்தையின் பிரியத்துக்குரிய மகனை அண்ணன்மார் கிணற்றில் தள்ளிவிட்டு, இரத்தம் தோய்ந்த சட்டையோடு வந்து பொய் சொல்லும் இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்தும்மா… நான் சட்டைகூடக் காட்டல. 'தம்பி குடிக்கிறான்'னு பெத்த அத்தாகிட்ட ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அத்தாவுக்கு அவன் மேலதான் உசுரு. எனக்குப் பொறுக்கல… சாகுறவரைக்கும் அவன் மொகத்தப் பாக்காமலே போயிட்டாரே!"

கம்பிக்கதவு அதிர்ந்தது. வெளியே சாதிக்! மோட்டார்சைக்கிளில் பின்தொடர்ந்து வந்திருக்கிறான். சுலைஹா எழுந்துபோய்த் திறந்தாள்.

"இவனுக்கா… இவனுக்கா சோறு கொண்டாந்த?"

மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் சுலைஹாவுக்குள் பொங்கியது.

"ஆமாங்க! வேற எவனையோ தேடித்தானே வந்தீங்க? அக்கா ஒரு வார்த்த சொன்னாங்க, நம்பிட்டீங்க. என்கிட்ட நேராக் கேட்டீங்களா? அன்னிக்கி அத்தாவும் இப்படித்தானே ஒரு பேச்சக் கேட்டு ஒங்கள வாசல விட்டு எறக்குனாரு! அந்த வலி தெரிஞ்ச நீங்களே எனக்கு இதச் செய்யலாமா?"

சாதிக் சுவரில் சாய்ந்தான். கட்டிலில் திறந்தபடி கிடந்த யூசுப் நபியின் பக்கத்தைப் பார்த்தான்.

"சுலைஹா… கடைசில அந்த அண்ணன்மாரு வந்து நின்னப்ப, யூசுப் நபி என்னா செஞ்சாரு?"

"எகிப்து அதிகாரமே அவரு கையிலதான் இருந்துச்சு. ஆனா குத்திக்காட்டக்கூட இல்லங்க, மன்னிச்சிட்டாரு."

மீரா சாகிப் குரல் வந்த திசையில் கைகளால் துழாவினார். "தம்பி… மன்னிக்க வேணாம்டா. ஒரு தடவ கிட்ட வா, போதும்…"

சாதிக் போனான். அண்ணனின் மெலிந்த தோளில் முகம் புதைத்து, அன்று வாசலைவிட்டு இறக்கப்பட்ட இருபது வயதுப் பையனைப்போல "அத்தா… அத்தா…" என்று அழுதான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். "என்ன மன்னிச்சிரு சுலைஹா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க வேணாங்க. என்னத் தலகுனிய வச்ச வீட்டுல, ஒங்க அக்கா முன்னால சொல்லுங்க."

அன்று மாலையே வீட்டில் சொன்னான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். ஹபீபா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தம்பி… நம்ம அண்ணன் உசுரோட இருக்காரா?"

வியாழக்கிழமை காலை, சுலைஹா கிளம்பும்போது ஹபீபா பீவி தலையில் துப்பட்டியோடு வாசலில் நின்றாள். நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"என்னையும் கூட்டிட்டுப் போவியாம்மா? கேக்க எனக்குத் தகுதியில்ல…"

சுலைஹா ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவள் கையைப் பிடித்தாள். "வாங்க மதினி. ஒங்களப் பத்தித்தான் அவரு ஒவ்வொரு தடவையும் கேக்குறாரு."