நாலு மணி நேரம் தாங்கிய கரித்துணி

ஆதிநாராயணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தார்!

ரத்தம் இல்லை. காயம் இல்லை. மடியில் நோட்டு. தூங்குகிற முகம்...

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று பத்து. திருப்பதி, ரேணிகுண்டா ரோடு. பேட்டரி ஆராய்ச்சிக் கம்பெனியின் சூளை அறை வாசலில் வாட்ச்மேன் முனியப்பன் நின்றார்.

பட்டு நூலை விட ரொம்ப ரொம்ப மெல்லிய நூலைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குகிற சூளை அது. காற்றை விரட்ட நைட்ரஜன் விடுவார்கள். வாசனை கிடையாது. அறையில் நிறைந்தால், மூச்சு முட்டுவதே தெரியாமல் ஆள் போய்விடுவான். அதை வெளியே தள்ளச் சுவரில் ஒரு ஃபேன்.

அந்தக் கரி நூலில் துணி செய்து, கம்பெனி விஞ்ஞானி ஆதிநாராயணன் புது பேட்டரி கட்டியிருந்தார். இரண்டு தொட்டி மருந்துத் தண்ணீர், நடுவில் கரித்துணி. கரண்ட் போனால் ஃபேனையும், சூளையைக் குளிர வைக்கும் பம்பையும் அதுதான் ஓட்டும்.

இன்று பத்திலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை.

"யோவ்! பேட்டரி சுவிட்சைப் போட்டியா, இல்லியா?" டைரக்டர் ஜெயச்சந்திரன் கத்தினார்.

"போட்டேன் சார்! ஃபேன் சுத்துறதப் பாத்துட்டுதான் கேட்டுக்குப் போனேன்!"

"அப்புறம் ஏன் நின்னுச்சு? நிஜம் செப்பு!" இன்ஸ்பெக்டர் இந்திராணி முறைத்தாள். எல்லையோர நகரி ஊர்க்காரி. தமிழும் தெலுங்கும் அவளுக்கு ஒன்றுதான்.

"தெரியல மேடம்..."

"நான் சொல்றேன்," என்றார் ஜெயச்சந்திரன். "கரித்துணி உதவாத சரக்கு. பத்து நிமிஷத்துல பேட்டரி படுத்திருக்கும். இவன் ஒரு நடை வந்து பார்த்திருந்தா மனுஷன் பொழைச்சிருப்பாரு. கேட்ல குறட்டை விட்டிருக்கான்!"

"பொய்யி! தொட்டியப் பாருங்க மேடம். ஊதாத் தண்ணி பச்சையா கீது. மஞ்சத் தண்ணி நீலமா கீது. பேட்டரி ஒழச்சாதான் அப்டி மாறும். முப்பது வருசம் நகரியில சாயம் முக்கிக்கினு இருந்தவன் நானு. கலரு எனக்குத் தெரியும்!"

"அது நேத்தே மாறினது. சாயம் முக்கினவன்லாம் விஞ்ஞானியா?"

இந்திராணி பெருமூச்சு விட்டாள். "கலரு கோர்ட்டுக்கு வந்து பேசாது பெரியவரே. படிக்கட்டுல உட்காரு. ஸ்டேஷனுக்குப் போகணும்."

ஜெயில்... அறுபத்து மூணு வயசில்!

முனியப்பன் உட்கார்ந்தார். 'இவன் அப்படிப்பட்டவன் இல்லை' என்று சொல்ல யார் வருவார்கள்? பெண்டாட்டி போய் எட்டு வருஷம். மகள் ரோஜா ஸ்ரீசிட்டி ஃபாக்டரியில். போன் செய்தால், 'ஷிப்ட்ல இருக்கேன் நைனா' என்று வைத்துவிடுவாள். இத்தனை ஜனம் வந்து போகிற திருப்பதியில், 'துன்னியா முனியப்பா?' என்று கேட்க ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

அந்த வாயைத்தான் உள்ளே வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள்.

டைரக்டரின் போன் அடித்தது.

ஜெயச்சந்திரன் படிக்கட்டுப் பக்கம் நழுவினார். முனியப்பன் மேல் அவர் பார்வை விழுந்தது... மூலையில் கிடக்கும் வாளி மேல் விழுவதைப் போல. ஆறு வருஷமாக அப்படித்தான். வாளிக்கு ஏது காது?

முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"மோனிகா மேடம்! நீங்க வாங்கப்போற பேட்டரி டெஸ்ட்டா? சூப்பர்!"

முனியப்பன் சத்தமில்லாமல் எழுந்தார். உள்ளே எட்டி, உதட்டில் விரல் வைத்து இந்திராணியை அழைத்தார். போனில் டைரக்டர் குரல் ஏறியது.

"நம்பலியா? பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் மேடம்! நாலு மணி நேரம் தாங்கிச்சு! பேட்டரி மீட்டர் ரெக்கார்டு இப்பத்தான் அனுப்பினேன். நீங்க சொன்ன ரேட்டுக்கு டபுள் தரலாம்... கண்டுபிடிச்சதா? நான்தான்! ஆதிநாராயணனா? அவர் இப்ப கம்பெனில இல்ல..."

"உலகத்துலயே இல்ல!" என்றாள் இந்திராணி, பின்னாலிருந்து.

போன் அவர் கையிலிருந்து அவள் கைக்கு மாறியது!

"மே... மேடம்... அது சும்மா... வியாபாரப் பொய்!"

"மீட்டருக்கு வியாபாரம் தெரியாதே!" அவள் விரல் திரையில் ஓடியது. "பத்து மணி... பேட்டரி ஓடுது. பத்து இருபது... லோடு பாதியாகுது. மீதி ரெண்டு மணி வரைக்கும் அப்படியே ஓடுது. பேட்டரி சாகல சார். பாதி லோடை யாரோ நிறுத்தியிருக்காங்க. பெரியவரே, பம்ப்?"

"பம்பு நின்னிருந்தா சூளை சூட்டுல வெடிச்சிருக்கும் மேடம். அது நல்லாத்தான் கீது."

"அப்போ நின்னது ஃபேன். அதை நிறுத்துற சுவிட்ச் எங்க?"

"சூளை ரூம்ல கெடையாது. டைரக்டர் ரூம்ல கீது. சாவி அவருகிட்டதான். காலையில இருந்து அங்கதான் இருந்தாரு!"

ஜெயச்சந்திரன் அவசரமாகச் சட்டைப்பையைப் பொத்தினார்.

'பத்து நிமிஷத்தில் படுத்த பேட்டரி' என்றால் சரக்கு விலை போகாது. 'நாலு மணி நேரம் ஓடியது' என்றால் கழுத்துக்குச் சுருக்கு. இரண்டையும் ஒரே நாளில் சொன்ன மகராசன்!

கிளிக்!

கையில் விலங்கு.

"மேடம், வக்கீல்கிட்ட பேசணும்! ஒரே ஒரு போன்... ப்ளீஸ்!"

முனியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயச்சந்திரனை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னொரு போனா? ஒரு போனுக்கே வெலங்கு மாட்டிட்டாங்க... ஒடம்பு தாங்குமா சார்?"