அனலிசாவின் பியானோவுக்கு என்ன விலை?

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் அன்று விடாத மழை. மொலோ பகுதிக்குப் போகும் ஜீப்னி வண்டியில் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். டிரைவரிடம் கொடுக்கச் சொல்லி அனலிசா சில்லறையை நீட்டினாள். பக்கத்தில் இருந்தவன் வாங்கினான். விரல்கள் பட்டன... ஒரு கணம்தான். ஈர இமைகளுக்குள் அப்படிப்பட்ட கண்கள். போனில் தோழியோடு பேசிக்கொண்டிருந்தவளுக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது.

மறந்ததை அப்படியே விட்டிருக்கலாம். எங்கே விட்டாள்?

"அதான்டி, பியானோவுக்கு விலை போட இன்னைக்கு ஆள் வர்றான். உள்ளே ரெண்டு துணி கிளிப்பைச் செருகி வச்சிருக்கேன். தட்டினா தகர டப்பா மாதிரிதான் கேக்கும். அடிமாட்டு விலைக்கு மேல போட மாட்டான், பாரு."

பக்கத்தில் இருந்தவன் இருமினான். அவள் இறங்கிய இடத்திலேயே இறங்கினான். பின்னாலேயே வந்தான். வீட்டு வாசலில் அவள் திரும்பி முறைத்தாள்.

"என்ன சார், வீடு வரைக்கும் வர்றீங்க?"

"அடிமாட்டு விலை போட வந்த ஆள் நான்தாங்க. பேர் ஜோமரி."

அனலிசாவுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கூடத்தில் அம்மாவின் பியானோ. ஈரம் ஏறாமலிருக்க அதனுள்ளே எப்போதும் ஒரு சின்ன பல்பு எரியும். ஜோமரி மூடியைத் திறந்து, கிளிப்புகளை எடுத்து, அவள் கையில் வைத்தான். பிறகு ஒவ்வொரு கட்டையாகத் தட்டினான். கம்பிகளைத் தடவினான். கறையான் இருக்கிறதா என்று பலகையை முகர்ந்துகூடப் பார்த்தான். அவன் தொட்ட விதத்தில் அவளுக்குக் கோபமே வரவில்லை... அதுதான் அவளுக்குக் கோபம்.

நல்ல பியானோ, நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றான். அவ்வளவுதான், அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா போன பிறகு அண்ணன் எட்கார் செய்த ஏற்பாட்டைச் சொன்னாள். பியானோ வேண்டுமென்றால் அதன் மதிப்பை அவளுடைய சொத்துப் பங்கில் கழித்துக்கொள்வார்களாம். இருப்பதே சின்னப் பங்கு. மதிப்பு அதற்கு மேல் ஏறினால் பியானோவை விற்றாக வேண்டும். தெருப் பிள்ளைகளுக்கு அதில் சொல்லிக்கொடுத்துத்தான் அவள் சாப்பிடுகிறாள்.

"பொய் எழுத மாட்டேங்க," என்றான் மெதுவாக.

"எழுதுங்கன்னு நான் கெஞ்சலை. உங்க இரக்கமும் வேண்டாம்." வாசலைக் காட்டினாள். போய்விட்டான்.

அடுத்த வாரம், அதே மழையில், கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வந்தான். அதில் இருந்த தொகை அவள் பங்குக்குள் அடங்கியது. அவளால் நம்ப முடியவில்லை.

"பொய் இல்லங்க. புதுசு வாங்கினா என்ன ஆகும்னு உங்க அண்ணன் கணக்கு போட்டிருந்தார். சொத்து பிரிக்கிறப்ப அது இல்ல. இந்த ஊர்ல வித்தா என்ன கிடைக்கும்கிறதுதான் கணக்கு. ஊர் முழுக்க விசாரிச்சேன். இவ்வளவு பெரிசை வாங்க ஆளில்ல."

அண்ணனிடமும் பேசிவிட்டானாம். அவர் செபு நகரத்துக் கடைகளிலும் கேட்டுப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தாராம். பியானோ அவளுடையது. அனலிசா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், திரும்பத் திரும்ப நன்றி சொன்னாள்.

அவன் வாசல்வரை போய் நின்றான்.

"இன்னொரு நாள் வரலாமான்னு கேக்க நினைச்சேன்... இப்ப கேட்டா நன்றிக்காகச் சரின்னுடுவீங்க. அதான் கேக்கலை."

கிளம்பப் போனவனின் சட்டைக் கையை அவள் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு நிறைய நன்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமா?

"நன்றி மட்டும்னா ஓலையில அவிச்ச இபோஸ் பலகாரம் கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பேன்," என்றாள். "வாரம் பூரா இந்த வாசலைப் பாத்துட்டிருந்தேன். நீங்க வந்தா என் பியானோ போயிடும்னுதான் நினைச்சேன்... அப்பவும் நீங்க வரணும்னு இருந்துச்சு."