இருபது மீட்டர்

மீன் சந்தையில் சாளைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது என் விலகுபட்டை அதிர்ந்தது. வழக்கம்போல இரண்டு கடை பின்னால் தள்ளி நின்றேன். கூட்டத்தின் அந்தப் பக்கம் யாரோ ஒருவரும் இதேபோல நகர்ந்திருப்பார். அதிர்வு நின்றது. மீன்காரம்மா என் மணிக்கட்டைப் பார்த்த பிறகு விலையை ஒரு ரூபாய்கூட இறக்கவில்லை.

குடிக்குச் சிகிச்சை எடுத்த எல்லோர் கையிலும் இந்தப் பட்டை உண்டு. உள்ளே ஒரு வியர்வை உணரி, குடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். அது நியாயம், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டையெல்லாம் விலக்கெல்லையோடுதான். குடித்த இருவர் சேர்ந்தால் மறுபடி குடிப்பார்கள் என்று ஏதோ ஒரு கணிப்பு நிரல் சொன்னதாம். அதனால் பட்டை கட்டிய இருவர் இருபது மீட்டருக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. மூன்று முறை மீறினால் தனியறை இல்லத்தில் ஆறு மாதம். பேச்சுத்துணைக்கு 'மனத்துணை' என்றொரு செயற்கைக் குரலைப் பட்டைக்குள் வைத்திருக்கிறார்கள். அது ஒரு சொட்டு குடித்ததில்லை, ஒருநாளும் வாந்தியில் கண்விழித்ததில்லை. அதற்கு என்ன தெரியும்?

அன்று அம்மா இறந்து சரியாக ஓராண்டு. நான் குடியை விட்டுப் பத்தொன்பது நாள். வீட்டுக்குத் தனியாகப் போனால் மதியத்துக்குள் குடித்துவிடுவேன் என்று திட்டவட்டமாகத் தெரிந்தது. மனத்துணையிடம் சொன்னேன். மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் பெல்சியா என்றது. எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

எனக்கு என்னைப் போன்ற மனிதர்கள் வேண்டும். எங்கே தேடுவது? கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்போதுதான் உறைத்தது, என்னை விலக்கி வைக்கிற பட்டைதானே அவர்கள் இருக்கும் இடத்தையும் சொல்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் மட்டும் உப்பளச் சாலையில் ஓரிடத்தில் பட்டை அதிரும். மற்ற நாளில் அதிராது. அன்று ஞாயிறு. ஸ்கூட்டரை அங்கே விட்டேன்.

உப்பளத்தில் பட்டை கட்டிய ஏழு பேர், பாத்திக்கு ஒருவராக வரப்பில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டுகிற ஞானதுரை அண்ணாச்சிதான் கூட்டத்தை நடத்துகிறவர். என்னைப் பார்த்ததும் காலியாக இருந்த பாத்தியைக் கைகாட்டினார். கயிறு போட்டு அளந்திருக்கிறார்கள், ஆளுக்கு ஆள் இருபத்தொரு மீட்டர். மகள் கல்யாணத்தில் விழுந்து கிடந்ததை ஒருவர் தொண்டை கிழியச் சொன்னார். பக்கத்து அளத்தில் உப்பு வாருகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ரகசியம் என்று அங்கே ஒன்றும் இல்லை.

என் முறை வந்தது. முதல் தடவை சொன்னதைக் காற்று கொண்டுபோய்விட்டது. மறுபடி கத்தினேன்.

"எங்கம்மாவ அடக்கம் பண்ணும்போது நான் குடிச்சிட்டுக் கெடந்தேன். ஒரு பிடி மண்ணு போடல. இப்ப வீட்டுக்குப் போனா இன்னைக்கும் குடிச்சிருவேன்."

அதற்கு மேல் முடியவில்லை. உப்புத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். இருபத்தொரு மீட்டருக்கு அப்பால் இருந்து அழுகிறவளை எப்படித் தேற்றுவது? ஏழு பேரும் தவித்துப்போய் நின்றார்கள். பிறகு அண்ணாச்சி வரப்பிலிருந்து இறங்கி என்னை நோக்கி நடக்கத் தொடங்கினார். இருவர் பட்டையும் அலறின. ஏற்கெனவே இரண்டு மீறல் உள்ளவர் அவர் என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வராதிய அண்ணாச்சி, ஒங்களத் தூக்கிட்டுப் போயிருவாவ."

"போனா போவுது. அதுக்காவ நீ அழுவத நின்னு வேடிக்க பாக்கச் சொல்லுதியா?"

பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் கடந்தது. மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். உடனே கலைந்து போகும்படி பட்டையில் ஒரு பெண் அதிகாரியின் குரல் வந்தது. எட்டுப் பேரில் எத்தனை பேர் குடித்திருக்கிறோம் என்று உணரியைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பார்த்துவிட்டு, ஒருவரும் இல்லை என்றார். ஆனாலும் சட்டம் தூரத்தைப் பற்றியது, குடியைப் பற்றியது அல்ல என்றார்.

"அப்பச் சட்டத்த மாத்துங்க. நாங்க நகர மாட்டோம்."

வண்டி வரும்வரை அம்மாவைப் பற்றிப் பேசினேன், மெதுவாக, என் சொந்தக் குரலில். வந்தவர்கள் அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் ஏழு பேருக்கும் முதல் மீறல் பதிவானது. அன்று நான் குடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தனியறை இல்லத்தின் மதிலுக்கு வெளியே ஏழு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். எங்களுக்கு அது இரண்டாவது மீறல். பட்டைகளின் அலறலை மீறி நான்தான் முதலில் கத்தினேன், என் பெயர் பெல்சியா, இன்று இருபத்தாறாம் நாள் என்று. மாடி ஜன்னல் ஒன்றிலிருந்து அண்ணாச்சி தன் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு அடுத்த ஜன்னலிலிருந்து எங்களுக்குத் தெரியாத ஒரு பெண் தன் பெயரைச் சொன்னாள். அதற்கடுத்த ஜன்னலும் திறந்தது.