சீலாவின் பங்கு

சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டபோது கோணேசன் சோறு வடித்துக்கொண்டிருந்தான். மார்கழி மாதம், பின்னேரமே கும்மிருட்டு. வெளியே முற்றத்தில் ஐந்து நாய்கள், ஒன்றையொன்று எட்டாத தூரத்தில், தனித்தனி முளைகளில் கட்டிக் கிடந்தன. அவற்றில் ஒன்றின் சங்கிலி அசைந்தாலும் மற்ற நாலும் சேர்ந்து ஊளையிடும், பண்ணை வீட்டின் சன்னல் கண்ணாடிகள் அதிரும், ஏரிக்கு அப்பாலிருந்து அந்த ஊளையே திரும்பி வரும். இன்றைக்கு ஒரு நாயும் வாய் திறக்கவில்லை. ஒற்றைச் சங்கிலி மட்டும் உறைந்த தரையில் உரசி உரசி, அவசரமில்லாமல், வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் ஆறாவது முளையிலிருந்து வந்தது. அந்த முளையில் நாய் இல்லை.

அது சீலாவின் முளை. சீலா செத்து இன்றோடு முப்பத்தொரு நாள்.

டென்மார்க்கில், சில்க்போர்க் ஊருக்கு வெளியே, ஏரிக்கரை மேட்டில் இருந்த அந்தப் பண்ணை ஒரு டேனிஷ் கிழவருக்குச் சொந்தம்; பெயர் ‘போல்’. கிறீன்லாந்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, திரும்பும்போது பனிவண்டி நாய்களையும் கூட்டிக்கொண்டு வந்த மனிதர். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்கள். இந்த நாய்களுக்கோ வேலையும் இல்லை, போக இடமும் இல்லை. நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் புல்லைத் தேய்த்து மண்ணாக்கியிருந்தன. அவற்றுக்குத் தீன் வைப்பதும் முற்றம் கூட்டுவதும் கோணேசனின் வேலை. கிழவர் இப்போது சளிக்காய்ச்சலோடு ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் கோணேசன் தனியே.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒருநாள், கோணேசனுக்கு விளங்கட்டும் என்று டேனிஷை மெதுவாக உடைத்து உடைத்து, கிழவர் ஒரு கதை சொன்னார். வடக்கே, பனிப்புயலில் அகப்பட்டுத் தீன் முடிந்துபோன ஒரு குளிர்காலம்.

"எந்த நாயை முதலில் கொல்வது என்று நாங்கள் யோசிப்பதில்லை. எதன் பங்கை இன்னொரு நாய் தின்கிறதோ, தின்னவிட்டுவிட்டு எது சும்மா பார்த்துக்கொண்டு கிடக்கிறதோ, அதுதான் அடுத்துப் போகிற நாய். அதை வெட்டி மற்றவற்றுக்குப் போடுவோம். சீலாதான் எப்போதும் மற்றதின் பங்கைத் தின்றது."

"நீங்கள்?" என்று கேட்டான் கோணேசன்.

"வண்டி ஓட்டுகிறவனின் பங்கை நாய் தொடாது. அவன் போனால் அதற்கு யார் தீன் போடுவது? கடைசியில் நானும் சீலாவும் மட்டும் வீட்டுக்கு வந்தோம். இந்த ஐந்தும் பிறகு வாங்கியவை."

அந்தச் சீலா கிழடாகிச் செத்தபோது கிழவர் குழந்தை மாதிரி அழுதார். கோணேசனுக்கும் மனம் பொறுக்கவில்லை. திருகோணமலையில் அவன் வீட்டில் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் செய்வதையே இன்று அதற்கும் செய்தான். சோறும் மீனும் அதன் சட்டியில் குழைத்து, அதன் வட்டத்தில் படைத்தான். செத்தவர் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமென்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான். அங்கே என்றால் அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போய், நீரில் கரைத்து, வந்த உயிரை வழியனுப்பிவிட்டு வருவார்கள். இங்கே ஏரி உறைந்து கிடந்தது. அழைத்ததோடு விட்டுவிட்டான்.

கதவைத் திறந்து பார்த்தான். சட்டி வழித்து நக்கப்பட்டிருந்தது. நரியாக இருக்கும். ஆனால் வெளியிலிருந்து வந்த கால்தடம் எதுவும் பனியில் இல்லை. வட்டத்துக்குள்ளே மட்டும், சங்கிலி எட்டும் தூரம் வரைக்கும், பனி மிதிபட்டுக் கிடந்தது.

மறுநாள் அவன் அந்த வட்டத்தில் எதுவும் வைக்கவில்லை. அன்று மண்ணிற நாயின் சட்டி நக்கப்பட்டிருந்தது. நாயின் வாயோ காய்ந்திருந்தது. முன்னங்கால்களில் முகத்தை வைத்துக்கொண்டு ஆறாவது முளையையே அது பார்த்துக்கொண்டு கிடந்தது. விடிய விறைத்துப் போயிருந்தது. உடம்பில் ஒரு காயமில்லை.

கிழவர் சொன்னது அப்போது அவனுக்கு நினைவில் வரவில்லை. இரண்டாவது நாய் அதேபோலப் போனபோது வந்தது.

கசாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்யும் குருசுமுத்து, மன்னார்க்காரன், வழக்கம்போல நாய்களுக்குக் கழிவிறைச்சி கொண்டுவந்தான். குசினிக்குள், அடுப்புக்கு எதிரே இருந்த மேசையைப் பார்த்துவிட்டு நின்றான். மேசையில் மூன்று சோற்றுக்கோப்பைகள்.

"ஆருக்கு மச்சான் மற்ற ரெண்டும்?"

"தவமணிக்கும் பிள்ளைக்கும். தனியச் சாப்பிட ஏலாமக் கிடக்கு. வந்த நாளில இருந்து போட்டுத்தான் வைக்கிறன்."

"செத்த ஆக்களுக்கெல்லோடா சோறு போட்டு வைக்கிறது. எடுத்து வை."

"அவை வரட்டும், எடுக்கிறன்."

குருசுமுத்து இறைச்சிப் பையைக் கீழே வைத்தான். "எங்கட ஆக்களின்ர விசா ஃபைல் ஒண்டையும் தொடுறாங்களில்லையாம். எல்லாரின்ர பெண்சாதி பிள்ளையளும் கொழும்பு லொட்ஜ் வழியதான் கிடக்குதுகள். எப்ப வருகினமோ, ஆர் கண்டது."

அந்த வார்த்தைக்காகக் கோணேசன் அவனை வெறுத்தான். உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக வெறுத்தான். குருசுமுத்துவின் கார் மேட்டிலிருந்து இறங்கி மறைந்தபோது, கூடவே போயிருக்கலாமே என்று ஏங்கினான். ஆனால் இந்த முகவரியும் இந்தச் சம்பளமும்தான் மனைவி தவமணியையும் மகளையும் இங்கே கூப்பிடக் கொடுத்த விண்ணப்பத்தில் இருந்தன. விட்டுவிட்டுப் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வழமைபோல, அவர்கள் தங்கியிருந்த கொழும்பு லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தான். தவமணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"நிஷாந்தி சாப்பிடுறாளில்லையப்பா. சோத்தைப் போட்டுக் குடுத்தாத் தள்ளி வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறாள்."

"என்னத்தைப் பாக்கிறாள்?"

"வாசலை. காய்ச்சலுமில்லை. நீங்க யோசிக்காதேங்கோ."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தான். மகளின் கோப்பையில் ஓரத்துச் சோறு கொஞ்சம் குறைந்திருந்தது போல் இருந்தது. எலி என்று வாய்விட்டுச் சொன்னான். பிறகு இரண்டு கோப்பைகளையும் கழுவி, துடைத்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

அந்த வாரம் மழைபோலப் பனி கொட்டியது. பாதை மூடிவிட்டது. நாய்களைத் தன்னோடு வீட்டுக்குள் எடுத்துப் பார்த்தான். கையில் தீன் வைத்து ஊட்டிப் பார்த்தான். அவை முகத்தைத் திருப்பி, சுவரை, சுவருக்கு அப்பால் ஆறாவது முளை இருந்த பக்கத்தைப் பார்த்தன. வாலை முதுகின்மேல் சுருட்டித் தூக்கிக்கொண்டு திமிராக நிற்கும் சாதி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு கிடந்தது. ஒன்று போனது. அடுத்ததும் போனது. கடைசி நாய் அவன் மடியில் தலை வைத்தபடி செத்தது. அவன் அழுதான். அழுது முடிந்ததும், வெட்கத்தோடு, ஒரு நிம்மதி வந்தது. முற்றத்தில் இனி ஒரு சட்டியும் இல்லை. யாருடைய பங்கும் இல்லை. அது போய்விடும்.

பொழுதுபட்டது. சோறு வடித்தாகிவிட்டது. ஈர நாயின் மணம் இன்னும் வீட்டுக்குள் நின்றது. விறகு எடுக்கப் பின்பக்கம் போனான். முற்றத்தில் சங்கிலிச் சத்தம் இல்லை. அந்த முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு இன்றுதான் அது ஓய்ந்திருந்தது. ஆறாவது முளையைத் தேடினான். முளை பிடுங்கப்பட்டிருந்தது. இழுபட்ட தடம் ஒன்று பனியில் நேராக வந்தது.

குசினிக் கதவு வரைக்கும்.

விறகு கையிலிருந்து விழுந்தது. உள்ளே ஓடினான்.

மேசையில் மூன்று கோப்பைகள். சோறு போட்டபடி. அலுமாரியின் சாவி அவன் சட்டைப்பையில். யோசிக்காமல் திறந்து எடுத்துப் போட்டது அவன் கைதான். பழகிய கை. வேறு யார் இருக்கிறார்கள்?

நிஷாந்தியின் கோப்பை மட்டும் அதற்குள் வெறுமையாகியிருந்தது. நக்கிய ஈரம் மினுங்கியது.

தொலைபேசி அடித்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. லொட்ஜிலிருந்து எடுக்கத் தவமணியிடம் காசு இருக்காது. மிக அவசரமென்றால் ஒழிய.

அவன் எடுக்கவில்லை. மேசைக்குக் கீழே சங்கிலி மெல்ல நகர்ந்தது. தவமணியின் கோப்பையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தன் கோப்பையைத் தரையில் வைத்தான். இருட்டுக்குள் தள்ளினான்.

"இந்தா. என்ர. என்ரையைத் தின்."

மூச்சு வந்தது. குளிர்ந்த, மீன் மணக்கும் மூச்சு. சோற்றை முகர்ந்தது.

தொடவில்லை. தீன் போடுகிறவனின் பங்கு அது.

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. தரையில் அவன் சோறு ஆவி பறக்க, ஒரு பருக்கை கலையாமல் இருந்தது. அவன் நெஞ்சோடு அணைத்திருந்த கோப்பைக்குள், அவன் விரல்களுக்கு இடையே, சூடான ஒரு நாக்கு நிதானமாக நக்கத் தொடங்கியது.