முத்திரை இல்லாத துருவி

கடலடி நிலையத்தின் நீர்க்கதவு இரண்டாம் முறையாகத் தாமதமாக மூடிய அன்றும், தூத்துக்குடிக் கரையில் இருந்த பலகை, செய்தி போய்வர ‘நான்கு மில்லிநொடி’ என்று பச்சையில் சிரித்துக்கொண்டிருந்தது. கதவை மூடும் கட்டளை கரையிலிருந்துதான் போகிறது. உள்ளே முப்பது பேர். அதில் ஒருவன், அந்தப் பலகையைக் கவனிக்கும் ஜெசிந்தாவின் கணவன் கிராசியன். அந்தப் பச்சையை நம்ப அவளுக்கு மனம் வரவில்லை.

கரைக்கும் நிலையத்துக்கும் நடுவே, கடல்தரை நெடுக ஓடிய வடத்தில் அறுபது கிளைப்பான்கள் இருந்தன. வந்த செய்தியை எந்த வழியில் அனுப்புவது என்று தாமாகவே கற்றுக்கொள்ளும் பெட்டிகள். அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க நிமிடத்துக்கு ஒரு துருவி கிளம்பும். துருவி ஒரு வெற்றுச் செய்தி. கடைசிக் கிளைப்பானைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அது போய்வந்த நேரத்தை வைத்துத்தான் கிளைப்பான்களுக்கு மதிப்பெண்.

மேலாளர் கதவின் மேல் பழியைப் போட்டார். ஜெசிந்தா ஒன்று செய்து பார்த்தாள். ஒரே அளவுள்ள இரண்டு செய்திகளைச் சேர்த்து அனுப்பினாள். ஒன்றில் ‘இது துருவி’ என்று காட்டும் முத்திரை உண்டு, மற்றதில் இல்லை. முத்திரை இட்டது நான்கு மில்லிநொடியில் திரும்பியது. மற்றது ஒன்பது நொடி கழித்து ஆடி அசைந்து வந்தது.

அவளுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. மந்திரி வரும் தெருவை மட்டும் கூட்டிப் பெருக்குவதுபோல, துருவி வரும்போது மட்டும் மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு வழிவிடக் கிளைப்பான்கள் பழகியிருந்தன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மதிப்பெண் கேட்டார்கள், வாங்கிக் காட்டின.

துருவிகளின் முத்திரையைக் கழற்றிச் சாதாரணச் செய்திகளோடு கலந்துவிட்டாள். பலகை சிவந்தது, மேலாளரின் முகம் வெளுத்தது. எது சோதனை என்று தெரியாமல் போகவே, கிளைப்பான்கள் எல்லாவற்றையும் விரைந்து அனுப்பத் தொடங்கின. மூன்றாம் நாள் கதவு சொன்ன நொடியில் மூடியது.

அன்று மாலை வழக்கம்போலக் கிராசியனை அழைத்தாள்.

“நல்லா இருக்கியளா?”

“நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

ஐந்து மாதமாக இதே பேச்சுதான். நடுவே விழும் இடைவெளிகளை வடத்தின் குற்றம் என்றே அவள் நினைத்திருந்தாள். வடம் சரியான பிறகு இன்றுதான் கவனித்தாள்: அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து நின்றது. அவளும் அப்படித்தான் சொன்னாள். உண்மையில் அவள் இன்னும் சாப்பிடவில்லை.

இத்தனை நாளும் தானும் கேள்விகளுக்கு முத்திரை குத்தித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அழைப்பை முடிக்கப் போன விரலை எடுத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு அங்க யாருகிட்ட பேசுனிய?”

அவள் பலகையைப் பார்த்தாள். மூன்று மில்லிநொடி; இந்த முறை அது பொய் சொல்லவில்லை. ஆனால் பதில் வரப் பதினோரு நொடி ஆனது.

“யாருகிட்டயும் பேசல. ரெண்டு மாசம் ஆச்சு, ஜெசி.”